இருக்கை எடுக்காத ஸ்டாண்டு

தப்பு உங்கள் மேல்தான். ஊர் கூடிப் பேசி பாதித் தப்பை என் தலையில் கட்டப் பார்த்தார்கள், நான் மசியவில்லை, மூன்று நாள் தொண்டை வறளப் பேசி அதைக் கால்வாசிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், மிச்ச முக்கால்வாசி உங்களுடையது, அதில் சல்லிக்காசு குறையாது. சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை, ரோட்டுத் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்த வெயிலில், கடுகு நிறச் சேலையும் கறுப்புக் குடையும் வெறும் மஞ்சள் பையுமாக டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி பாட்டில்பேட்டையில் என் பட்டறைக்கு வந்தீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். கண்ணாடி ஸ்டாண்டு ஒன்று வேண்டும் என்றீர்கள். எதை வைக்க என்று கேட்டேன். "வைக்கிறதுக்குத்தான்" என்றீர்கள். என்ன அளவு என்றேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டி இவ்வளவு என்று காட்டினீர்கள், நடுவில் டேப்பை வைத்து அளந்தேன், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. விலை கேட்டீர்கள், நாலாயிரம் என்றேன்.

சரி என்றீர்கள். அதுதான் நீங்கள் செய்த தப்பு.

பாட்டில்பேட்டையில் ஒருத்தி நாலாயிரம் என்று சொன்னால் நீங்கள் அடி ஆத்தீ என்று வாயில் கை வைக்க வேண்டும், பாதி விலைக்குக் கேட்க வேண்டும், நான் உங்களை ஏற இறங்கப் பார்க்க வேண்டும், நீங்கள் குடையை விரித்துக்கொண்டு வாசல் வரைக்கும் போக வேண்டும், நான் உங்களைக் கூப்பிடாமல் எதிர்க்கடைக்காரரிடம் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும், அப்புறம் பொறுக்கமாட்டாமல் கூப்பிட வேண்டும், இவ்வளவும் நடந்து இரண்டாயிரத்து நூறில் வந்து நிற்கும்போதுதான் பொருள் என் கையிலிருந்து கழன்று உங்கள் கைக்குப் போகிறது. எட்டு வயதில் தண்டவாளத்து ஓரம் சாக்குத் தூக்கிப் பாட்டில் பொறுக்கியவள் நான். எடைக்கடையில் அறை வாங்கி, ரயில்வே போலீசிடம் அறை வாங்கி, கட்டினவனிடமும் அறை வாங்கி அவனைத் திருப்பி அறைந்து அனுப்பிவிட்டு, நான் படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு படிப்புதான். கறார் வெள்ளத்தாய் என்றால் மதுரை வரைக்கும் தெரியும். என் வாழ்நாளில் சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்த முதல் ஆள் நீங்கள். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அதே பஸ் திரும்பி வந்தபோது ஏறிப் போய்விட்டீர்கள், அந்தக் கிறுகிறுப்பு தெளியாமலேதான் பட்டறையின் முதல் சட்டத்தை நான் மீறினேன். என் கால்வாசி அதுதான்.

சட்டம் என்னவென்றால், பொருளைப் பார்க்காமல் ஸ்டாண்டு ஊற்றக் கூடாது. விளக்கு வைக்க ஸ்டாண்டு வேண்டுமென்றால் விளக்கைக் கொண்டு வர வேண்டும், குடத்துக்கென்றால் குடத்தைக் கொண்டு வர வேண்டும். குருவம்மா அதன் அடியைக் களிமண்ணில் அழுத்தித் தடம் எடுப்பாள், தடத்தில் பிளாஸ்டரை ஊற்றி அந்த அடியைப் போலவே ஒரு வில்லை செய்வாள், வில்லையை மணல் அச்சின் அடியில் பதித்து, அதற்கு மேல் உடைந்த பாட்டில்களை உருக்கின கண்ணாடியைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, இரண்டு நாள் மூடிய அடுப்பில் சூட்டோடு சூடாக மெல்ல ஆறவிட்டுத் திருப்பி எடுத்தால், அந்தப் பொருளுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு பள்ளத்தோடு ஸ்டாண்டு வந்து நிற்கும். இதற்கு எங்கள் பக்கத்தில் இருக்கை எடுப்பது என்று பெயர். குருவம்மாவும் நானும் ஒரே தொட்டியில் பாட்டில் கழுவினவர்கள், அவளுக்கும் எனக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது, இருபத்திரண்டு வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள், என் பட்டறையில் குத்த வைத்து உட்கார்ந்து மணல் அடித்தவள். நான் வாய், அவள் கை. நான் என்ன சொன்னாலும் அப்படியே செய்வாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேள்வி கேட்டாள்.

"அக்கா, பொருளு எங்க?"

"பொருளு இல்ல. தட்டையா ஊத்து."

"இருக்கை எடுக்காம எப்படிக்கா ஊத்துறது? தன் மேல என்ன உக்காரப்போகுதுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

"முழுப் பணமும் வந்திருச்சுடி. எது வேணா வந்து உக்காந்துட்டுப் போகட்டும், உனக்கென்ன?"

அவள் ஊற்றினாள். கோலிசோடா பாட்டிலின் கடல்பச்சையும் அடியில் ஒரு கீற்று மருந்துப் பாட்டில் மஞ்சளுமாக, நாலு மாட்டுக் குளம்புக் கால்களோடு, மேலே கழுவிவிட்ட பளிங்குத்தரை போல ஒரு பள்ளமும் இல்லாமல், எங்கள் பட்டறையில் அவ்வளவு அழகான ஸ்டாண்டு அதற்கு முன்னால் இறங்கியதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வெளியே எடுத்துத் துடைத்து வாசல் மேடையில் வைத்தோம். நீங்கள் வரவில்லை. மத்தியானம் இரண்டரை மணிக்கு ரோஸ்மேரி டீச்சர் வீட்டுப் பித்தளைக் குடம் வந்து அதன் மேல் உட்கார்ந்தது.

யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை. நான் எச்சில் துப்ப முகத்தைத் திருப்பினேன், திரும்பிப் பார்த்தால் குடம் இருந்தது, கழுத்து வரைக்கும் தண்ணீரோடு, ஒரு சொட்டு சிந்தாமல். கொஞ்ச நேரத்தில் டீச்சர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா வெள்ளத்தாய், என் குடம் இங்க என்ன பண்ணுது?"

"உக்காந்திருக்கு டீச்சர்."

"யாரு தூக்கிட்டு வந்தா?"

"வந்துச்சு."

டீச்சர் குடத்தைப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார், முப்பது வருஷம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்த கண்ணால் என்னைப் பார்த்தார், நான் சொன்னது பொய் இல்லை என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் நின்றார். ஒரு உலை அரிசி வேகிற நேரம் குடம் அப்படியே இருந்தது, அப்புறம் ஸ்டாண்டு மாடு ஈயை உதறுகிற மாதிரி லேசாகச் சிலிர்த்தது, குடம் பக்கவாட்டில் சரிந்து டீச்சர் கையில் விழுந்தது. பொருந்தவில்லை, அவ்வளவுதான். டீச்சர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் திரும்ப வந்து, "வெள்ளத்தாய், குடம் உக்கார மாட்டேங்குது" என்றார். தரையில் வைத்தால் உருண்டது, பிரிமணையில் வைத்தால் உருண்டது, மணலில் குழி தோண்டிப் புதைத்து வைத்தால் புரண்டு வெளியே வந்து படுத்துக்கொண்டது.

புதன்கிழமை இரண்டரைக்கு டீக்கடை ஞானதுரையின் ரேடியோ வந்தது. வியாழக்கிழமை தையல்காரர் கனி வீட்டுக் குத்துப்போணிப் பாத்திரம் வந்தது. வெள்ளிக்கிழமை கீழக்கோடியிலிருந்து ஒரு ஆட்டுக்கல் வந்தது, குழவியோடு, மாவோடு. தினம் ஒன்று, வீட்டுக்கு ஒன்று, ஒரு வீட்டிலிருந்து இரண்டாவது பொருள் வந்ததே கிடையாது. வந்தவையெல்லாம் அரிசி வேகிற நேரம் இருந்து பார்த்துவிட்டு, சரிந்து, அதற்குப் பிறகு இந்த உலகத்தில் எங்கேயும் உட்கார மறுத்தன.

முதல் வாரம் என்னைத் திருடி என்றார்கள். ஏட்டு பிச்சைமணி விசாரிக்க வந்தார். நோட்டைத் திறக்கிற அவசரத்தில் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தார், காலியாக இருந்த இடம் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்தத் தொப்பி அவர் தலையில் உட்காரவில்லை. மேலதிகாரி வருகிறபோதெல்லாம் ஒரு கையால் சல்யூட் அடித்து ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒங்க மேல கேஸ் எழுதலாம், ஆனா எந்தச் செக்‌ஷன்ல எழுதுறது?" என்று என்னிடமே கேட்டார். தொப்பிக்கு இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு நாடா கோத்துத் தாடைக்குக் கீழே குருவம்மாதான் கட்டிக்கொடுத்தாள், அதோடு விசாரணை முடிந்தது.

இரண்டாவது வாரம் வழி கண்டுபிடித்தவர் கயிற்றுக்கடை மீரான் ராவுத்தர். ஆட்டுக்கல்லுக்காரி நடுத்தெருவில் நின்று என்னை வைதுகொண்டிருந்தபோது, கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "உக்கார மாட்டேங்கிற பொருளைத் தொங்கப் போட வேண்டியதுதானே, இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு சத்தம்?" என்றார். தொங்கின. உட்கார மறுத்த ஒவ்வொன்றும் தொங்குவதற்கு ஒரு முணுமுணுப்புமில்லாமல் ஒத்துக்கொண்டது. ஒரு மாதத்தில் பாட்டில்பேட்டை வீடுகளில் உத்தரத்துக்கு உத்தரம் கொக்கி அடித்து, குடம் தொங்கி, விளக்கு தொங்கி, ஆட்டுக்கல் இரும்புச் சங்கிலியில் தொங்கி, மாவாட்டுகிறவள் நின்றுகொண்டே ஆட்டப் பழகி, இடுப்பு வலி போச்சு என்று சொல்லிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் எத்தனை பவுன் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை கொக்கி என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் தலையைக் குனிந்து நடக்கக் கற்றுக்கொண்டார்கள். ராவுத்தர் மாடி கட்டினார்.

அப்புறம் பெருமை வந்தது. இன்னும் அழைக்கப்படாத வீடுகளுக்கு முகம் சுருங்கிப்போனது. "எங்க வீட்டுல அதுக்குக் கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒரு சாமானும் இல்லையோ?" என்று மேட்டுத்தெரு அலங்காரம் வந்து சண்டைக்கு நின்றாள். கவுன்சிலர் தன் வெள்ளிக் கேடயத்தைச் சந்தனம் பூசி மேளத்தோடு கொண்டுவந்து தானே ஏற்றி வைத்தார், ஸ்டாண்டு அதை அரிசி வேகிற நேரம்கூடப் பொறுக்கவில்லை, கண்ணிமைக்கிறதுக்குள் தள்ளிவிட்டது, மறுநாள் இரண்டரைக்கு அவர் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் எண்ணெய்த் தூக்கு ஒன்று தானாக வந்தது. அவர் பெண்டாட்டி அதை இடுப்பில் வைத்து எடுத்துக்கொண்டு போகும்போது யாரையும் பார்க்கவில்லை.

எந்தக் கணக்கில் அது கூப்பிடுகிறது என்று டீக்கடையில் இரண்டு கட்சி. விலை உயர்ந்தது என்று ஒரு கட்சி, பழையது என்று ஒரு கட்சி. ரோஸ்மேரி டீச்சர் ஒருநாள் டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார். "வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சதும், அது இருக்கான்னு கண்ணு முதல்ல எதைப் பாக்குமோ, அதைத்தான் கூப்பிடுது. நான் தனி ஆளு. கதவைத் திறந்ததும் குடத்தைத்தான் பாப்பேன். அது இருந்தா வீடு இருக்கு." ஞானதுரை, "அப்போ வெள்ளத்தாய் வீட்டுலருந்து இன்னும் ஒண்ணும் வரலையே, அவுக கண்ணு எதையும் பாக்காதோ?" என்றான். "கல்லாப்பெட்டி வரும், பொறு" என்றான் இன்னொருத்தன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்லாப்பெட்டிதான் வரும் என்று நானும்தான் நினைத்து அதற்கு முன்கூட்டியே ஒரு கொக்கி அடித்து வைத்திருந்தேன்.

அதை ஏன் உடைக்கவில்லை என்று கேட்பீர்கள். உடைக்கப் போனேன். வைகாசியில் ஒருநாள் கோபத்தில் சம்மட்டியைத் தூக்கினேன், ஓங்கி அடித்தேன், சம்மட்டியின் தலை ஸ்டாண்டின் மேல் பூ விழுகிற மாதிரி விழுந்து உட்கார்ந்து, அரிசி வேகிற நேரம் இருந்துவிட்டுச் சரிந்தது, அதற்குப் பிறகு காம்பில் உட்காரவில்லை. இன்னொரு சம்மட்டி வாங்கலாம் என்றேன். குருவம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"அது நம்மளுது இல்லக்கா. முழு விலையும் வாங்கியாச்சு. வித்த பொருளை நாம எப்படி உடைக்கிறது?"

விற்ற பொருளைத் தொட்டால் நான் யார், திருடிதானே. உருக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது, மூடி வைத்தால் மூடின சாக்கு சரிந்து விழுகிறது. உங்களைத் தேடினேன். நீங்கள் ஏறின பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் நாலு தரம் போனேன். கண்டக்டரிடம் கடுகுக் கலர் சேலை என்றேன். "வண்டிக்கு நாலு பேரு கட்டியிருக்காக, எந்த நாலைச் சொல்றீக?" என்றான். பேர் கேட்காமல் விட்டேன், ஊர் கேட்காமல் விட்டேன். பேரம் நடந்திருந்தால் இதெல்லாம் தானாக வந்திருக்கும், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எத்தனை பிள்ளைகள், இந்தப் பணத்தை எப்படிச் சேர்த்தீர்கள் என்று அரை மணி நேரத்தில் எல்லாம் வாயில் வந்திருக்கும். ஒரு சரியில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டீர்களே.

குருவம்மாவுக்கு அந்த ஸ்டாண்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை. சாப்பிடும்போது சொல்வாள், மணல் சலிக்கும்போது சொல்வாள், "இருக்கை எடுக்காம ஊத்தினது நாமதானக்கா, அது பாவம், தனக்கு எதுன்னு தெரியாமத்தான ஊரைக் கூப்பிட்டுப் பாக்குது." ஆனி பதினெட்டாம் தேதி மதுரையிலிருந்து ஓட்டல்காரர் ஒருவர் வந்திருந்தார். மேஜைக்கு ஒன்று வீதம் தண்ணீர் ஜாடி வைக்க அறுபது ஸ்டாண்டு, ஜாடியைக் கையோடு கொண்டுவந்திருந்தார், முறையான மனிதர். முக்கால் மணி நேரமாகப் பேரம், அவர் இரண்டு தரம் காரில் ஏறி இரண்டு தரம் இறங்கிவிட்டார், இன்னும் ஒரே ஒரு இறக்கத்தில் முடிகிற இடம். அந்த இடத்தில் பின்னாலிருந்து குருவம்மா, "அக்கா, அந்தப் பச்ச ஸ்டாண்டுக்கு என்ன முடிவு?" என்றாள்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது மேல அவ்வளவு பாசம்னா நீயே போய் உக்காருடி" என்றேன்.

இருபத்திரண்டு வருஷமாக நான் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தவள், கையிலிருந்த மணலை முந்தானையில் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான் ஓட்டல்காரரிடம் நூறு ரூபாய் இறங்கினேன், அவர் ஐம்பது ஏறினார், பேரம் முடிந்து கை கொடுத்துவிட்டுத் திரும்பினால், கடல்பச்சைக் கண்ணாடியின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள், இருபத்திரண்டு வருஷத்தில் வேலை நேரத்தில் சும்மா உட்கார்ந்து அவளை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். சுவரில் மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது. நான் ஓடுவதற்குள் ஸ்டாண்டு சிலிர்த்தது. அவள் சரிந்து, காலை ஊன்றி, எழுந்து நின்றாள்.

"இதுவும் நல்லாருக்கே, ஆளு உக்கார்ற மாதிரி, இதுல ஒரு பன்னெண்டு போடுங்க" என்றார் ஓட்டல்காரர். அவரை நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அறுபதும் போச்சு.

அன்று சாயங்காலம் ரோஸ்மேரி டீச்சர் வந்து வாசலில் நின்று, குருவம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுலருந்து வர வேண்டியது வந்துருச்சு வெள்ளத்தாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கல்லாப்பெட்டிக்கு அடித்த கொக்கி காலியாகவே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது கோபம் வந்தது, டீச்சர் மேல், கொக்கி மேல், உங்கள் மேல். அப்புறம் யோசித்தால், பட்டறையை விட்டுக் காயலான் கடைக்கோ வங்கிக்கோ போய்விட்டுத் திரும்புகிறபோதெல்லாம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மணல் குவியலுக்குப் பின்னால் அவள் கொண்டை தெரிகிறதா என்றுதான் பார்ப்பேன். தெரிந்தால் உடனே ஏதாவது திட்டிக்கொண்டே உள்ளே போவேன்.

அன்றிலிருந்து குருவம்மா உட்காரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் வழுக்கி இறங்குகிறாள், தரையில் உட்கார்ந்தால் யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி எழுந்துவிடுகிறாள், படுத்தால் உருண்டு சுவரில் முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நின்று சாப்பிடுகிறாள். ஊர் அவளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தது, ஊருக்கு இப்போது அது பழக்கம்தானே; ராவுத்தர் தன் கையால் பருத்தி நூலில் பட்டையாக ஒரு கயிறு திரித்துக்கொண்டு வந்து, இரண்டு கக்கத்துக்கும் கொடுத்து, சூளைக்கு மேலே பாரம் தூக்குகிற கப்பியில் மாட்டி, கால் தரையில் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி இழுத்துக் கட்டினார். ஒரு பைசா வாங்கவில்லை, நானும் பேரம் பேசவில்லை. அவள் அதில் தொங்கிக்கொண்டுதான் தூங்குகிறாள். பொருளுக்குத் தொங்குவது சரி. குடத்துக்குக் கால் வீங்காது.

அவளுக்கு வீங்கிவிட்டது. முதலில் கெண்டைக்கால், அப்புறம் முழங்கால், இப்போது தோல் பளபளவென்று, நாங்கள் ஊற்றுகிற கண்ணாடி மாதிரியே, தொட்டால் தடம் பதிகிறது, பதிந்தது மேலே வருவதில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். பெண் டாக்டர், நல்ல பொண்ணு, காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "அம்மா, இவங்க காலை மேல தூக்கி வச்சு உக்காரணும். இப்படியே நின்னா ஆடி முடியிறதுக்குள்ள ரத்தம் கட்டிரும், அப்புறம் காலை வச்சிருக்க முடியாது" என்றாள். உட்கார முடியாது என்பதை நான் விவரமாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள், எழுதிவிட்டு, "அந்த ஸ்டாண்டுக்கு உரியவங்க யாரு?" என்று கேட்டாள். படித்த பிள்ளை, ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள்.

இன்று ஆடி ஒன்பது.

முந்தாநாள் நான் ஒரு முடிவுக்கு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்குப் போனேன், நானும் அதன் மேல் உட்கார்ந்து, அவள் நிற்கிற வரைக்கும் நானும் நிற்கிறேன் என்று. கப்பிக் கயிற்றிலிருந்தே குருவம்மா சத்தம் போட்டாள். என்னிடம் அவள் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? ரெண்டு பேரும் நின்னுக்கிட்டிருந்தா அடுப்பை யாரு பாக்குறது?"

"நான்தானடி உன்னைப் போய் உக்காரச் சொன்னேன்."

"நீ எத்தனையோ சொல்லுவ. அன்னைக்கு எனக்கும் உக்காரணும்போல இருந்துச்சு, உக்காந்தேன்." கயிற்றில் என் பக்கம் திரும்பினாள். அப்புறம் சொன்னாள். "அக்கா, நீ அந்தம்மா கைக்கு நடுவுல டேப்பை வச்சு அளந்த பாரு, அளந்து முடிச்சு டேப்பைச் சுருட்டிட்ட. அவுக கையை எடுக்கவே இல்ல. அப்படியே நீட்டிக்கிட்டு நின்னாக. அப்புறம் மெல்ல, தூங்குற பிள்ளைய எறக்கி வைக்கிற மாதிரி, எறக்கினாக. நான் மணல்ல உக்காந்திருந்தேன், எனக்குத் தெரிஞ்சுச்சு. வைக்கிறதுக்கு அவுக வீட்டுல ஒண்ணும் இல்லக்கா. இருந்தது இல்ல. அதான் விலையும் பேசல."

நான் உட்காராமல் திரும்பினேன். நான் அளவைப் பார்த்தேன், அவள் கையைப் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் இதை அச்சடித்து, விற்கிற ஸ்டாண்டு ஒவ்வொன்றையும் இந்தத் தாளில் சுற்றிக் கொடுக்கிறேன், மீரான் ராவுத்தர் கயிற்றுக் கட்டோடு வைத்துக் கட்டுகிறார், ஏட்டு பிச்சைமணி பஸ் ஸ்டாண்டுத் தூணில் ஒட்டுகிறார், ஏதாவது ஒன்று உங்கள் கைக்கு வரும். வந்தால் கேளுங்கள். வைக்க ஒன்று இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் வெறுங்கையோடு வாருங்கள், அன்றைக்கு எவ்வளவு அகலத்துக்கு நீட்டினீர்களோ அவ்வளவு அகலத்துக்கு நீட்டுங்கள், அந்த இடைவெளியைக் குருவம்மா இருக்கை எடுப்பாள், நின்றுகொண்டே எடுப்பாள், காற்றில் எடுப்பாள், அவளால் முடியும். இறக்கி வையுங்கள். அது பொருந்தும். பொருந்திவிட்டால் ஸ்டாண்டு யாரையும் கூப்பிடாது, குடங்கள் இறங்கும், ஆட்டுக்கல் இறங்கும், ஊர் கொக்கிகளைப் பிடுங்கிக்கொள்ளும், பிடுங்காவிட்டாலும் போகட்டும், எனக்கு என் வீட்டுக் கொக்கியிலிருந்து ஒருத்தி இறங்கினால் போதும்.

வந்தால் முதலில் விலை பேசுங்கள். நாலாயிரம் அநியாயம் என்று சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள், குடையை விரித்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். நான் எதிர்க்கடைக்காரரிடம் வெயிலைப் பற்றிப் பேச மாட்டேன். உடனே கூப்பிடுவேன். இரண்டாயிரம் என்று கேளுங்கள், தருகிறேன். ஆயிரம் என்று கேளுங்கள், தருகிறேன். சும்மா கொடு என்று கேளுங்கள். தப்பில் கால்வாசி என்னுடையது என்று மேலே எழுதினேன், சரி, பாதி. பாதி போதாதா, முக்கால் எடுத்துக்கொள்கிறேன். இனி இறங்க இடமில்லை, கறார் வெள்ளத்தாய் கடைசியாகச் சொல்கிற விலை: முழுத் தப்பும் என் மேலேயே இருக்கட்டும், உங்கள் மேல் ஒரு குண்டுமணி அளவும் வேண்டாம். பஸ் பத்தரைக்கு ஒன்று, பன்னிரண்டேகாலுக்கு ஒன்று. ஏறி வாருங்கள். வந்து அதை எடுத்துக்கொண்டு போங்கள். குருவம்மா உட்கார வேண்டும்.